சோழவரத்து ஓடுதளமும் விமானத்தின் புகைக்குழாயும்

சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்லும் பிரயாணி, செங்குன்றத்து ஏரியையும் நெல் ஆலைகளையும் கடந்து, சோழவரம், காரனோடை, கவரைப்பேட்டை ஆகிய ஊர்களின் வழியாகக் கும்மிடிப்பூண்டியை அடைவதற்குள், இரும்பை உருக்குவதும் உருட்டுவதும் வளைப்பதும் ஒட்டுவதுமான தொழில்கள் ஒரு பிரதேசத்தின் முகத்தையே எவ்வாறு மாற்றிவிடுகின்றன என்பதைப் பிரத்தியட்சமாகக் காண்கிறார். இந்தத் தொழிற்பேட்டைகள் தோன்றுவதற்கு வெகு காலம் முன்னரே, இரண்டாம் உலக யுத்தத்தின் போது, சோழவரத்தில் விமானங்களுக்காக ஓர் ஓடுதளம் அமைக்கப்பட்டது என்பதையும், யுத்தம் முடிந்தபின் அதே ஓடுதளத்தில் மோட்டார்ப் பந்தயங்கள் பல ஆண்டுகள் நடைபெற்றன என்பதையும் இன்று நினைவில் வைத்திருப்போர் சிலரே. விமானம், மோட்டார், உருக்கு ஆகிய மூன்றும் சந்தித்த இந்தப் பூமியில் நின்றுகொண்டு, சரித்திர ஆசிரியர்கள் எவரும் ஓர் அத்தியாயம் ஒதுக்காத ஒரு சிறு வேலையைப் பற்றி, அதாவது பழைய சிறு விமானங்களின் புகைக்குழாயில் ஏற்படும் கசிவை அடைக்கும் வேலையைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தமாகும். ஏனெனில் நமது யந்திரத் தொழிலாளர் கற்றுக்கொண்ட ஓர் உயர்ந்த ஒழுக்கத்தின் வரலாறு அந்தச் சிறு வேலைக்குள் அடங்கியிருக்கிறது.

சென்னைக்கும் ஆகாய விமானத்துக்குமான உறவு 1910-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த கார்சிகா தீவினரான ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ், குதிரை வண்டிகளும் மோட்டார் வண்டிகளும் கட்டுவதில் பெயர் பெற்றிருந்த சிம்ப்சன் நிறுவனத்தின் உதவியுடன் தாமே ஒரு விமானத்தை உருவாக்கி, பல்லாவரத்தில் பரீட்சை செய்தபின், அவ்வாண்டு மார்ச் மாதத்தில் தீவுத்திடலில் ஜனங்கள் முன்னிலையில் பறந்து காட்டினார். ரைட் சகோதரர்களின் முதல் பறத்தலுக்கு ஏழாண்டுகள்கூட நிறையாத காலத்தில், சென்னைப் பட்டறையொன்றின் தச்சரும் கொல்லரும் ஒரு விமானத்துக்குக் கை கொடுத்தார்கள் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. எனினும் அது ஒரு தனி மனிதரின் துணிவாகவே நின்றுவிட்டது. விமானத்தைப் பறக்கச் செய்வது ஒரு காரியம். பறந்த விமானத்தை நாள்தோறும் பழுது பார்த்து, மறுநாளும் அடுத்த ஆண்டும் பத்திரமாகப் பறக்கும்படி வைத்திருப்பது முற்றிலும் வேறான காரியம். அந்த இரண்டாவது காரியம் நம் நகரத்தில் வேரூன்றியது, 1930-ஆம் ஆண்டில் சென்னை பிளையிங் கிளப் ஸ்தாபிக்கப்பட்டு, மீனம்பாக்கத்தில் அதன் விமானக் கொட்டகை எழுந்த பிறகுதான்.

அக்காலத்துப் பிளையிங் கிளப்புகளின் ஜீவநாடியாக விளங்கியது, இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் நிறுவனத்தார் செய்த 'மோத்' என்னும் இரட்டைச் சிறகடுக்கு விமானம். 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி முதன்முதலாகப் பறந்த அந்த விமானத்துக்கு, சில ஆண்டுகளில் பிராங்க் ஹால்ஃபோர்டு என்னும் நிபுணர் அமைத்த 'ஜிப்ஸி' எஞ்சின் பொருத்தப்பட்டது. நான்கு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்க, காற்றினாலேயே குளிர்ந்து, சுமார் 100 குதிரைசக்தியைத் தரும் அந்த எஞ்சின் எளிமையின் வடிவம் என்றே சொல்லலாம். சிறகுகளின் மரச்சட்டத்தின்மேல் துணியைப் போர்த்தி, அத்துணியின்மேல் எளிதில் தீப்பற்றும் ஒருவகை வார்னிஷைப் பூசி, மேல் சிறகின் நடுவிலே பெட்ரோல் தொட்டியை வைத்து உருவாக்கப்பட்ட அந்த விமானத்தில், எஞ்சினின் கழிவுப் புகையை ஏந்திச் செல்லும் நீண்ட குழாய், விமானத்தின் உடலை ஒட்டி, விமானிகள் அமர்ந்திருக்கும் திறந்த இருக்கைகளின் பக்கமாகவே பின்னோக்கி ஓடியது. துணியும் மரமும் பெட்ரோலும் கூடிய ஓர் உடலின் விலாவிலே, பழுக்கக் காய்ந்த இரும்புக் குழாய் ஒன்று படுத்திருக்கிறது என்பதை ஒரு கணம் மனத்தில் உருவகப்படுத்திப் பார்த்தால், அந்தக் குழாயைக் கண்ணுங்கருத்துமாகக் காப்பது எத்தகைய பொறுப்பு என்பது விளங்கும்.

குழாயில் கசிவு ஏன் உண்டாகிறது? எஞ்சின் ஓடும்போது புகையின் உஷ்ணம் பல நூறு டிகிரிகளுக்கு ஏறுகிறது, நிறுத்தியதும் இறங்குகிறது. ஏறும்போது உலோகம் விரிகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. பயிற்சி விமானமோ ஒரே நாளில் பலமுறை கிளம்பி, வட்டமடித்து, இறங்கி, மறுபடி கிளம்புவது; ஆகவே நெடுந்தூரம் செல்லும் விமானத்தைக் காட்டிலும் அதன் குழாய் அதிகமான விரிதலுக்கும் சுருங்குதலுக்கும் உட்படுகிறது. எஞ்சினின் அதிர்வு இதனோடு சேர்ந்து, குழாய் சிலிண்டர் தலையோடு பொருந்தும் பிளாஞ்சின் கழுத்திலும், வெல்டிங் செய்த ஓரங்களிலும் மயிரிழை போன்ற விரிசலை உண்டாக்குகிறது. பிளாஞ்ச் சிறிதே கோணிக்கொண்டாலும், இடையிலுள்ள கேஸ்கெட் எரிந்துபோனாலும், நட்டு ஒன்று தளர்ந்தாலும் புகை பக்கவாட்டில் பீறிடத் தொடங்கும். சென்னையின் கடற்காற்றோ உப்பும் ஈரமும் கலந்தது. சாதாரண எஃகுக் குழாயை வெளியிலிருந்து அது அரித்துக்கொண்டிருக்க, எரிந்த பெட்ரோலிலிருந்து பிறந்த நீராவியும் அமிலங்களும் குளிர்ந்த குழாயினுள்ளே தங்கி உள்ளிருந்து அரித்தன.

இந்தக் கசிவினால் விளையும் தீங்குகள் இரண்டு வகைப்படும். முதலாவது, நெருப்பு. கசியும் தழல் அருகிலுள்ள மின்கம்பியின் உறையையும், பெட்ரோல் குழாயையும், எஞ்சினின் மூடுதகட்டையும் தாக்கும். இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு. நிறமும் மணமும் அற்ற இவ்வாயு, நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் சேர்ந்துகொள்வதால், மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே மனிதனுக்குப் பிராணவாயுப் பஞ்சம் ஏற்படுகிறது. தலைவலி, மந்தம், தூக்கம் என்று தொடங்கும் இதன் வேலை, விமானியின் கைகால்களைத் தாக்குமுன் அவனுடைய விவேகத்தையே தாக்கிவிடுகிறது. தனக்கு ஆபத்து நேர்ந்திருக்கிறது என்று உணரும் சக்தியையே முதலில் பறித்துக்கொள்கிறது. ஜே. எஸ். ஹால்டேன் என்னும் விஞ்ஞானி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வாயுவைத் தாமே சுவாசித்து ஆராய்ந்து, சுரங்கங்களுக்குள் சிறு பிராணிகளையும் பறவைகளையும் எச்சரிக்கைக்காகக் கொண்டுசெல்ல வேண்டும் என்று எடுத்துரைத்தார். சுரங்கத் தொழிலாளருக்கு அவர் சொன்ன அந்த எச்சரிக்கை விமானிகளுக்கும் தேவைப்படும் காலம் விரைவில் வந்தது.

திறந்த இருக்கையில் அமர்ந்து பறந்தவரை, கசிந்த புகையில் பெரும்பகுதியைக் காற்றே அடித்துக்கொண்டு போயிற்று. 1929-ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்த 'புஸ் மோத்' என்னும் விமானத்தில், விமானியும் பிரயாணிகளும் மூடிய அறைக்குள் அமர்ந்தார்கள். மழையிலிருந்தும் குளிர்காற்றிலிருந்தும் அவர்களைக் காத்த அதே சுவர்கள், உள்ளே புகுந்த வாயுவை வெளியேற விடாமலும் தடுத்தன. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் மூட்டைகளைக் கொண்டுவந்தது இந்த வகை விமானத்தில்தான். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்னும் விமானி பல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்து சேர்த்தார். ஒற்றை எஞ்சினையே நம்பி, மலையையும் காட்டையும் கடந்து வந்த அந்தத் தபால் விமானங்களின் பெருமையைப் பேசும்போது, ஒவ்வொரு நிலையத்திலும் அவற்றின் மூடுதகட்டைத் திறந்து, ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்த்த மெக்கானிக்குகளின் பெருமையையும் சேர்த்துப் பேசுவதே நியாயம்.

அந்த மெக்கானிக்குகளின் முறைதான் என்ன? எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகு, நல்ல வெளிச்சத்தில், கைக்கண்ணாடி ஒன்றை வளைவுகளுக்குப் பின்னே நீட்டிப் பார்ப்பதுதான் ஆரம்பம். பெட்ரோலில் ஈயம் கலக்கப்பட்ட காலந்தொட்டு, கசிவு உள்ள இடத்தில் சாம்பல் நிறமான அல்லது வெளிறிய ஒரு கோடு படிந்திருக்கும். பழகிய கண்ணுக்கு அந்தக் கோடே போதிய சாட்சி. மூடுதகட்டின் வர்ணம் ஓரிடத்தில் மட்டும் கொப்புளித்திருந்தால், அதற்கு நேர் எதிரே குழாயில் துவாரம் இருக்கும். சந்தேகம் தீராவிட்டால், குழாயின் வாயில் மெல்லிய அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி, இணைப்புகளின்மேல் சோப்புத் தண்ணீரைத் தடவ வேண்டும். எங்கே குமிழி எழுகிறதோ அங்கே கசிவு. இந்தச் சோதனை இன்றளவும் மாறவில்லை.

அடுத்தது, குழாயைக் கழற்றுவது. பலகாலம் சூட்டில் வெந்த நட்டு, ஸ்டட்டோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுக்கும். பலாத்காரம் செய்தால், அலுமினியச் சிலிண்டர் தலைக்குள்ளேயே ஸ்டட் முறிந்துபோய், ஒரு மணி நேர வேலை ஒரு வார வேலையாகிவிடும். ஆகவே எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்துக் கழற்றுவதே அனுபவசாலியின் வழி. ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும் பொருட்டு இவ்விடத்தில் பித்தளை நட்டுகளைப் பயன்படுத்தும் வழக்கமும் உண்டு. கழற்றிய பிளாஞ்சைச் சமதளப் பலகையின்மேல் வைத்து, கோணல் இருந்தால் உராய்ந்து சமப்படுத்துவார்கள். செம்புத் தகட்டுக்கு இடையே கல்நார் வைத்த கேஸ்கெட்டுகளே அக்காலத்தில் வழங்கிவந்தன. கல்நாரின் தூசி நுரையீரலைக் கெடுப்பது என்பதைப் பிற்காலம் உணர்த்தியது. எரிந்த கேஸ்கெட்டைத் திரும்ப வைப்பது அன்றும் இன்றும் தவறான சிக்கனம். மாட்டும்போது நட்டுகளை ஒரே மூச்சில் இறுக்காமல், எதிரெதிராக, படிப்படியாக இறுக்கி, எஞ்சினை ஒருமுறை ஓட்டி, ஆறவிட்டு, மறுபடியும் சரிபார்க்க வேண்டும்.

விரிசல் கண்ட குழாயாயின், கேஸ் வெல்டிங் செய்பவரின் கைத்திறன் தேவைப்பட்டது. 1903-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர்களான ஃபூஷே, பிக்கார் இருவரும் உருவாக்கிய ஆக்ஸிஜன்–அசிட்டிலீன் விளக்கு, விமானத் தொழிலோடு சேர்ந்தே வளர்ந்த கருவி. மெல்லிய எஃகுத் தகட்டைத் துளைத்துவிடாமல் உருக்கி ஒட்டுவதற்கு, ஜுவாலையின் நிறத்தை அறியும் கண்ணும், இடையறாமல் ஒரே வேகத்தில் நகரும் கையும் வேண்டும். குழாயினுள் படிந்த கரியை முற்றிலும் அகற்றாமல் ஒட்டினால் ஒட்டு நிற்காது. பிளாஞ்சுகளை ஒரு கனத்த தகட்டில் முடுக்கிவைத்துக்கொண்டு ஒட்டாவிட்டால், உலோகம் ஆறும்போது இழுத்துக்கொண்டு, குழாய் எஞ்சினோடு பொருந்தாது போய்விடும். பிற்காலத்தில் எவர்சில்வர் வகையைச் சேர்ந்த துருப்பிடிக்காத எஃகு இக்குழாய்களுக்கு வந்தபோது, இன்னும் சூட்சுமமான ஜாக்கிரதைகள் பிறந்தன. குழாயின்மேல் சாதாரணப் பென்சிலால் அடையாளக் கோடு கிழிக்கக்கூடாது. பென்சிலின் கரி, சூட்டில் உலோகத்துக்குள் புகுந்து, கோடு கிழித்த இடத்திலேயே விரிசலை உண்டாக்கிவிடும். துத்தநாகம் பூசிய கருவிகளால் தொடுவதும் அவ்வாறே விலக்கப்பட்டது. ஒரு பென்சில் கோடு ஒரு விமானத்துக்குப் பகையாகலாம் என்று கற்றுக்கொடுத்த தொழில் அது!

இந்தக் கைத்திறன்கள் எல்லாம் மோட்டார்ப் பட்டறைகளிலும் ஓரளவு இருந்தவைதாம். விமானத் தொழில் புதிதாகக் கொண்டுவந்தது கையொப்பம். 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டமும், 1937-ஆம் ஆண்டின் விமான விதிகளும் இந்நாட்டில் வகுக்கப்பட்டபின், இன்ன வேலை, இன்ன தேதியில், இன்ன முறையில் செய்யப்பட்டது என்று புத்தகத்தில் எழுதி, உரிமம் பெற்ற எஞ்சினியர் தம் பெயரை இட்டாலன்றி, விமானம் கிளம்பலாகாது என்னும் நியதி நிலைபெற்றது. பட்டறையில் வாய்ச்சொல்லாக இருந்த உத்தரவாதம் இங்கே எழுத்தாயிற்று. செய்த வேலையைத் தானே மறுபடி ஐயுற்றுச் சோதிப்பதும், சோதித்ததை எழுதுவதும், எழுதியதற்குப் பொறுப்பேற்பதும் ஆகிய இம்மூன்றுமே, விமானம் நம் தொழிலாளர்க்கு அளித்த விலைமதிப்பற்ற செல்வம் என்று நான் கருதுகிறேன்.

யுத்தம் வந்தது. 1942-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானியர் படையெடுப்பார்கள் என்ற பீதியில் சென்னை நகரமே பாதி காலியாயிற்று. கீழைக் கடற்கரையைக் காக்கும் ஏற்பாடுகளின் போது உருவானவற்றுள் ஒன்றே சோழவரத்து ஓடுதளம். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமமொன்று ஆகாய யுத்தத்தின் வரைபடத்தில் இடம் பெற்றது அப்போதுதான். யுத்தம் ஓய்ந்ததும் விமானங்கள் அகன்றன. கான்கிரீட் தளம் மட்டும் வயல்களுக்கிடையே நின்றது. 1950-களில், சென்னை மோட்டார் விளையாட்டுக் கிளப்பினர் அத்தளத்தைப் பந்தயக் களமாக ஆக்கிக்கொண்டார்கள். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தளம் எழும்வரை, சோழவரமே தென்னாட்டு மோட்டார்ப் பிரியர்களின் தலமாக விளங்கிற்று. வேகத்தைக் கூட்டும் பொருட்டு சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்குழாயோடு இரைந்து ஓடிய வண்டிகளைப் பார்க்க ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடினார்கள். அதே தளத்தில் சில ஆண்டுகள் முன்பு, ஒரு கேஸ்கெட் எரிந்திருந்தாலும் விமானத்தைக் கிளம்ப விடாத நியதி ஆட்சி செய்தது என்பதை எண்ணுகையில், ஒரே கருவி பூமியில் அடையும் சுதந்திரத்துக்கும் ஆகாயத்தில் ஏற்கும் கட்டுப்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகிறது. பூமியில் ஓடும் வண்டியில் கோளாறு கண்டால் ஓரமாக நிறுத்தலாம். ஆகாயத்தில் ஓரம் என்பது கிடையாது.

சுதந்திர இந்தியா தானே சிறு விமானங்களைச் செய்யத் தொடங்கியது. டாக்டர் வி. எம். காட்கேயின் தலைமையில் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை வடிவமைத்த எச்.டி.–2 பயிற்சி விமானம் 1951-ஆம் ஆண்டு ஆகஸ்டிலும், 90 குதிரைசக்தியுள்ள கான்டினென்டல் எஞ்சின் பூட்டிய 'புஷ்பக்' 1958-ஆம் ஆண்டு செப்டம்பரிலும் முதன்முதலாகப் பறந்தன. நாடெங்கும் பிளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறையே புஷ்பக்கில் பறக்கக் கற்றது. இத்தகைய எஞ்சின்களில் புகைக்குழாயைச் சுற்றி ஒரு தகட்டு உறை உண்டு. அந்த உறைக்குள் சூடாகும் காற்று, வேண்டும்போது கார்புரேட்டருக்குச் செல்லும். சென்னையின் வெயிலில் சூடான காற்று எதற்கு என்று கேட்கத் தோன்றும். பெட்ரோல் ஆவியாகும்போது உண்டாகும் குளிர்ச்சி மிகப் பெரிது; ஈரம் நிறைந்த காற்றில், வெளியே வெப்பம் இருக்கும்போதே கார்புரேட்டரின் தொண்டையில் பனிக்கட்டி உறைந்துவிடும். அதனை உருக்கவே அந்த உஷ்ணக் காற்று. உறைக்குள் மறைந்த குழாயில் விரிசல் இருக்குமானால், பனியை உருக்கத் திறந்த வழியே எரிந்த புகை எஞ்சினுக்குள் புகுந்து அதன் பலத்தைக் கெடுக்கும். ஆகவே உறையைக் கழற்றிப் பாராமல் குழாயைப் பார்த்ததாகக் கையொப்பமிடுவது கூடாது என்பது இத்தொழிலின் பாலபாடம்.

குரோம்பேட்டையில் சி. ராஜம் அவர்களின் தியாகத்தால் 1949-ஆம் ஆண்டில் எழுந்த எம்.ஐ.டி. கல்லூரியில் விமானவியல் ஒரு பாடமாக அமைந்தது. அங்கு நிறுத்தியிருந்த இரு பழைய விமானங்களே தம் மனத்தை விமானத் துறைக்கு ஈர்த்தன என்று அப்துல் கலாம் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். படிப்பு முடிந்ததும் அவர் பெங்களூர்த் தொழிற்சாலையில் பயிற்சி பெற்றது எஞ்சின்களைப் பிரித்துப் பழுதுபார்க்கும் பிரிவில்தான். பின்னாளில் ராக்கெட்டுகளை ஏவிய அந்தக் கைகளும் எண்ணெய்க் கறையோடுதான் தொடங்கின.

அதே ஆண்டுகளில் சென்னையின் வடக்கும் மேற்கும் வேறொரு விதத்தில் யந்திரப் பிரதேசமாகிக் கொண்டிருந்தன. எண்ணூரில் லாரிகள், திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள், அம்பத்தூரில் சைக்கிள்களும் பின்னர் பெரியதொரு தொழிற்பேட்டையும், ஆவடியில் 1960-களில் டாங்கிகள், அவற்றுக்குப் பின் கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வளாகமும் உருக்கு ஆலைகளும் என்று வரிசையாகப் பெருகின. 1997-ஆம் ஆண்டு தனி மாவட்டமாகப் பிரிந்த திருவள்ளூரில், குழாயை வளைக்கவும், பிளாஞ்சைக் கடையவும், ஆர்கான் வாயுவின் காப்பில் துருப்பிடிக்காத எஃகை ஒட்டவும் தெரிந்த கைகளுக்கு இன்று பஞ்சமில்லை. கருவிகளும் முன்னைவிட மேலானவை. ஆனால் கருவி மேம்பட்டதனால் மட்டும் கசிவின் ஆபத்து ஒழிந்துவிடவில்லை. 2019-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் தேதி, எமிலியானோ சாலா என்னும் கால்பந்து வீரரை ஏற்றிச் சென்ற, 1984-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஒற்றை எஞ்சின் பைப்பர் விமானம் இங்கிலீஷ் கால்வாயில் விழுந்தது. அவருடைய ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்த ஹீமோகுளோபின் 58 சதவீதம் இருந்ததென்றும், விமானியும் அவ்வாயுவினால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்றும் பிரிட்டிஷ் விசாரணையாளர் கண்டறிந்தனர். ஹால்டேனுக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் அதே வாயு மனிதர் அமர்ந்திருந்த விமானத்துக்குள் புகுந்தது.

ஆதலால் இந்தச் சரித்திரத்தை நாம் போற்றுவது பழமையின்மேலுள்ள ஆசையினால் மட்டும் அன்று. பிளையிங் கிளப்புகளின் பழைய வேலைப் புத்தகங்கள் எங்கெங்கு எஞ்சியுள்ளனவோ அங்கெல்லாம் அவை பாதுகாக்கப்பட வேண்டும். அவற்றில் விமானிகளின் பெயரை அடுத்து மெக்கானிக்குகளின் கையொப்பங்கள் இருக்கின்றன, அவர்கள் செய்த தொண்டுக்கு அவையே கல்வெட்டு. சோழவரத்து ஓடுதளத்தின் வரலாறு மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்பத்தூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் வெல்டிங் பழகும் ஒவ்வோர் இளைஞனுக்கும், ஒட்டு முடிந்ததும் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்ப்பதும், பார்த்ததை எழுதுவதும், எழுதியதன்கீழ் தன் பெயரை இடுவதும் கற்பிக்கப்பட வேண்டும். அவன் ஒட்டுவது விமானக் குழாயாக இல்லாமல், கொதிகலனின் குழாயாகவோ, பள்ளி வாகனத்தின் சைலன்சராகவோ, ஒரு வீட்டின் எரிவாயுக் குழாயாகவோ இருக்கலாம். அதன் அருகில் மூச்சு விடப்போகிறவர்கள் மனிதர்களே. தன் வேலைக்குத் தன் பெயரைத் தரத் துணியும் தொழிலாளி எந்நாட்டில் பெருகுகிறானோ, அந்நாட்டின் யந்திரங்களை நம்பி ஜனங்கள் ஏறுவார்கள்.